நூற்றிருபது ஜோடி ஜெர்சிகள்

அந்தப் பெயிண்ட் கடைக்கு வருகிறவர்கள் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. "கலர் அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். அவளைவிட வயதில் மூத்த கொத்தனார்கள் வாயிலும் அவள் அக்காதான். இருபத்திரண்டு வருஷமாக அதே கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று நிறம் கலக்கிக் கொடுக்கிறாள்.

கடையில் அதற்கு ஒரு மெஷின் இருக்கிறது. ஷேடு கார்டில் உள்ள எண்ணைத் தட்டினால், வெள்ளைப் பெயிண்ட் டின்னுக்குள் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டுத் தரும். ஆனால் ஜனங்கள் எண்ணோடா வருகிறார்கள்? உடைந்த ஓட்டுத் துண்டு, குழந்தையின் ஒற்றைக் காலுறை, பழைய கதவிலிருந்து உரித்த பெயிண்ட் செதில் என்று எதையாவது நீட்டி, "இதே மாதிரி வேணும்" என்பார்கள். ஒரு பெண்மணி பாதி கடித்த பேரிக்காயோடு வந்து நின்றாள். கலர் அக்கா சிரிக்கவில்லை. "தோல் கலரா, உள்பக்கமா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு அட்டையில் தடவி, ஹேர் டிரையரால் உலர்த்தி, வாசலுக்கு எடுத்துப்போய் வெளிச்சத்தில் பார்த்து, திரும்பி வந்து இரண்டு சொட்டு மஞ்சள் சேர்த்து, மறுபடி தடவி... அவள் முடிப்பதற்குள் கையிலிருந்த பேரிக்காய் கறுத்துவிட்டது. டின்னுக்குள் மட்டும் அது பறித்த நேரத்துப் பசுமையோடு இருந்தது.

அப்படிப்பட்ட கண் அவளுக்கு. அந்தக் கண்ணுக்கு எதிரிலேயே நாற்பத்தொரு வருஷம் ஒரு விஷயம் ஒளிந்திருந்தது.

அவளுக்கு ஒரு தம்பி. நாலு வயது இளையவன். இரண்டு தெரு தள்ளிச் சாவிக்கடை வைத்திருக்கிறான். கடை என்றால், அவன் உள்ளே உட்கார்ந்துவிட்டால் ஈ நுழைய இடமிருக்காது. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள், எண்ணூறு இருக்கும். யாராவது சாவியை நீட்டினால் ஒரே ஒரு பார்வைதான். கை தானாகப் போய்ச் சரியான கொக்கியிலிருந்து சரியான சாவியை எடுத்துவிடும். ஊரே அவனைச் 'சாவி' என்றுதான் கூப்பிட்டது. மனைவிகூடப் போனில் அந்தப் பெயரில்தான் பதிந்து வைத்திருந்தாள்.

சாவிக்கு உலகத்தில் ஒரே ஒரு பைத்தியம் உண்டென்றால் அது கூடைப்பந்து. உள்ளூர் அணிக்கு நாரைகள் என்று பெயர். நாரைகள் சொந்த அரங்கத்தில் ஆடுகிற ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அக்காவும் தம்பியும் மேல் மாடத்தில், கூரைக்குக் கை எட்டும் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவன் இழுத்துக்கொண்டு போனதால் போக ஆரம்பித்தவள் அவள். போகப் போகப் பந்தைவிட உடுப்பு அவளைப் பிடித்துக்கொண்டது. பதினாறு அணிகள், பதினாறு நிறங்கள். பளபளக்கும் மரத்தரைமேல் அவை ஓடிக் கலந்து பிரிவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நீ எங்கக்கா மேட்ச் பாக்குற? துணிக்கடைக்கு வந்த மாதிரி பாக்குற" என்பான் தம்பி. சொல்லிவிட்டு நடுவரைத் திட்டப் போய்விடுவான். அவன் திட்டுவது நாலு வரிசைக்குக் கேட்கும்.

அதுவரை ஒரு அணி நிறத்தில் ஆடினால் எதிரணி வெள்ளையில் ஆட வேண்டும் என்று விதி இருந்தது. அந்த வருஷம் அதைத் தளர்த்தினார்கள். இரண்டு அணிகளும் நிறத்திலேயே ஆடலாம். டிவியில் பார்க்க அழகாக இருக்கும் என்றார்கள். கலர் அக்காவுக்கு ஏக சந்தோஷம். நாரைகளுக்குப் பாசிப்பச்சை, நரிகள் அணிக்குச் செங்கல் சிவப்பு. இரண்டும் ஒரே தரையில் மோதிய முதல் ஞாயிறன்று, ஆட்டம் தொடங்கிய நிமிஷத்தில் அவளுக்குப் புல்லரித்துவிட்டது.

பக்கத்தில் தம்பியின் சத்தத்தையே காணோம்.

முதல் கால்பகுதி முடிந்தது. நடுவர் அப்பட்டமாக ஒரு தவறு செய்தார், அரங்கமே கத்தியது. சாவி கத்தவில்லை. குனிந்து முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடைவேளை மணி அடித்ததும் எழுந்துவிட்டான்.

"போலாம்க்கா."

"என்னடா, ஆறு பாயிண்ட்தான வித்தியாசம்? புடிச்சிடலாம்."

"யாருக்கு ஆறு பாயிண்ட்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிற முகமாக இல்லை. பின்னாலேயே படியிறங்கிப் போனாள். டீ மெஷின் நிற்கிற மூலையில் அவன் நின்றான்.

"ரெண்டு டீமும் ஒரே டிரெஸ்ல ஆடுறானுங்க. எவன் எவன்னே தெரியல" என்றான்.

"விளையாடாத. ஒண்ணு பச்சை, ஒண்ணு சிவப்பு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் கையில் அன்றைய ஆட்டத்துக்கான துண்டுத்தாள் இருந்தது. பச்சைத் தாளில் சிவப்பில் பெரிய எழுத்து. அவளுக்கு என்ன தோன்றியதோ, அதை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

சாவி தாளை வாங்கி, வெளிச்சத்துக்குச் சாய்த்தான். திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். மறுபடி முன்பக்கம்.

"இதுல எழுதியிருக்கா?" என்று கேட்டான்.

கலர் அக்கா தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். எழுத்து பளிச்சென்று இருந்தது. தன் கூடப் பிறந்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். யாரோ ஒருவருடைய பேரிக்காயின் நிறத்தை இம்மி பிசகாமல் பிடிக்கத் தெரிந்தவளுக்கு இவன் கண்ணில் என்ன தெரிகிறது என்று தெரியாமல் போய்விட்டதே.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். மூன்றாம் வகுப்பில் மரம் வரையச் சொன்னார்களாம். இலைக்குப் பழுப்பும் அடிமரத்துக்குப் பச்சையும் பூசினானாம். டீச்சர் அதைத் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்ட, எல்லோரும் சிரித்தார்களாம். அதிலிருந்து நிறம் பற்றி அவன் வாயே திறப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்த அன்று வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டான்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கிட்டயா? நீ அப்பவே ஒரு கலர் பென்சிலுக்காக உயிரை விடுவ. உனக்குப் போய் எப்படிக்கா சொல்றது?"

தம்பி வீடு வந்துவிட்டது. வீட்டு வாசலில் தம்பி மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டு அவள் கொஞ்சமும் அதிரவில்லை.

"எனக்குக் கல்யாணமான மறுவாரமே தெரியும் அண்ணி. தக்காளி வாங்கிட்டு வரச் சொன்னா எல்லாம் காயா வாங்கிட்டு வந்தாரு. அதான் இவரு சட்டையெல்லாம் வெள்ளையும் நீலமுமா நானே எடுத்துடுறேன். நீங்க கலர்ல புலியாச்சே, உங்களுக்குத் தெரியாம இருக்குமான்னு நெனச்சேன்."

குத்திக் காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

அடுத்த ஞாயிறு சாவி, அக்கா வீட்டுக்கு வந்தான். கலர் அக்காவின் கணவர் கப்பலில் வேலை பார்ப்பவர். ஆண்டில் இரண்டு முறைதான் வருவார். வீட்டில் அவளும் கல்லூரியில் படிக்கும் மகளும் மட்டும். மாமன் என்றால் மகளுக்கு உயிர். நிறம் இல்லாமல் மாமன் எப்படி ஆட்டம் பார்க்கிறான் என்று அறிய, அவள் சமீபத்திய ஆட்டம் ஒன்றை டிவியில் போட்டு, நிறத்தை முழுக்க எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கினாள். சத்தத்தையும் அணைத்தாள். ஸ்கோர் வருகிற மூலையில் ஒரு அட்டையை ஒட்டினாள்.

"மாமா, இப்ப சொல்லு, பந்து யார் கையில?"

கேமரா தூரத்தில் இருந்தது. வீரர்கள் எல்லாம் விரல் நீளம். எண் எதுவும் படிக்க முடியாது. அம்மாவும் மகளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் பத்துச் சாம்பல் பொம்மைகள் ஓடுவதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

சாவி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். "நம்ம பன்னிரண்டாம் நம்பர். இடது தோள் கொஞ்சம் தாழ்ந்திருக்கு பாரு. இப்ப நெட்டையனுக்குப் போடுவான்... போட்டுட்டான். அந்தப் பக்கம் ஓடுறது புதுசா வந்த பையன், குதிகால் தரையில படாம ஓடுவான். அதோ அவன் போன மாசம் முட்டி அடிபட்டவன், திரும்பறதுக்கு முன்னாடி ஒரு குட்டி அடி கூட வைக்கிறான் பாரு."

மகள் ஆட்டத்தை நிறுத்தினாள். நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்து, படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். எல்லாம் சரி. வேறு ஆட்டம் போட்டாள், வேறு அணிகள். மறுபடி எல்லாம் சரி. மூன்றாவது ஆட்டத்தில் அவன் ஒருவனைத் தவறாகச் சொன்னது போலிருந்தது. பிறகு மகளே பார்த்துவிட்டு, "இல்லம்மா, மாமா சொன்னதுதான் சரி, நான்தான் மாத்திப் பாத்துட்டேன்" என்றாள்.

கலர் அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். பதினைந்து வருஷம் பக்கத்து நாற்காலியில் இருந்து இவன் பார்த்தது இதையா? நூற்றுக்கணக்கான மனிதர்களின் நடை, தோள், குதிகால், வலி எல்லாமும் ஒரு கொக்கியில் ஒரு சாவி மாதிரி இவனுக்குள் தொங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. அவள் பார்த்ததெல்லாம் மேலே போட்டிருந்த துணி.

"இவ்வளவு தெரியுதே, பின்ன ஏன்டா அன்னைக்கு எழுந்து வந்த?"

"தெரியுதுக்கா. ஆனா ஒவ்வொருத்தனா யோசிச்சு, இவன் நம்மாளு, இவன் அவங்காளுன்னு கூட்டிப் பாக்க வேண்டியிருக்கு. அதுக்குள்ள பந்து கூடையில விழுந்துடுது. மேட்ச் பாக்குற மாதிரியே இல்ல, பரீட்சை எழுதுற மாதிரி இருக்கு." டீயைக் குடித்து முடித்தான். "இனிமே வீட்லயே ரேடியோவுல கேட்டுக்கறேன். விடு."

அவள் விடவில்லை. மறுநாளே கடையிலிருந்து காலாவதியான ஷேடு கார்டுகளை ஒரு பை நிறைய அள்ளி வந்தாள். உள்ளங்கை அளவில் ஜெர்சி வடிவத்தில் வெட்டினாள். தன் வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் கேட்காத ஒரு வேலையில் இறங்கினாள்: பதினாறு அணிகளுக்கும் புது ஜெர்சி. எந்த இரண்டு அணிகள் மோதினாலும், கூரைக்கடியில் உட்கார்ந்திருக்கிற தன் தம்பிக்கு ஒரே பார்வையில் வித்தியாசம் தெரிய வேண்டும். அவளே தனக்கு ஒரு விதியும் போட்டுக்கொண்டாள். எந்த அணியின் நிறத்தையும் பறிக்கக் கூடாது. நாரைகளின் ரசிகர்கள் பச்சையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நரிகளிடமிருந்து சிவப்பை வாங்கினால் ஊரே தீப்பிடிக்கும்.

முதல் பதினாறையும் ஒரே வாரத்தில் முடித்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷ அனுபவம். பார்த்துப் பார்த்துக் கலந்தவை. முன்னறையில் குறுக்கே கயிறு கட்டி, துணிக் கிளிப்பில் வரிசையாகத் தொங்கவிட்டாள். தம்பி வந்து அறையின் அந்தக் கோடியில் நின்றான்.

"இந்த ரெண்டும் ஒண்ணு."

"டேய், ஒண்ணு நீலம், ஒண்ணு கத்தரிப்பூ."

"ஒண்ணுதான்."

"இது?"

"இது சாம்பல்."

அது இளஞ்சிவப்பு. ஆமைகள் அணியின் உடுப்பு. பெயர்தான் ஆமை, லீக்கிலேயே வேகமான அணி. அடுத்துக் காட்டிய ஆரஞ்சையும் இலைப்பச்சையையும்கூட அவன் ஒரே நிறம் என்றான். கலர் அக்கா அந்த இரண்டையும் கிளிப்பிலிருந்து கழற்றினாள். அவளுக்குத் தெரிந்த எதுவும் இந்த அறையில் செல்லுபடியாகவில்லை. கடையில் அவள் சொன்னால் அதுதான் தீர்ப்பு. இங்கே தீர்ப்பு சொல்கிறவன் எதிரே நிற்கிறான்.

நாலு வாரம் அப்படியே போயிற்று. கலப்பாள், தொங்கவிடுவாள், அவன் உதட்டைப் பிதுக்குவான். ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவன் கடை வாசலில் போய் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சோர்ந்துபோய்ச் சொன்னாள். "பதினாறு டீமுக்கும் உன் கண்ணுக்கு ஏத்த மாதிரி பதினாறு கலர் கிடையாதுடா. தலைகீழா நின்னாலும் வராது."

சாவி ஒரு சாவியை அரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான். நிமிராமலே பின்னாலிருந்த சுவரைக் கட்டைவிரலால் காட்டினான். "இங்க எண்ணூறு சாவி இருக்கு. எல்லாம் பித்தளை. எல்லாம் ஒரே கலர். நான் எப்படி எடுக்கறேன்?"

"எப்படி?"

"வெட்டு. எங்க அகலம், எங்க குறுகல், எங்க பள்ளம்னு பாக்கறேன். கலரால பிரிக்க முடியலன்னா வெட்டால பிரியேன்க்கா."

அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு எழுந்தாள். பாதிச் சோறு அதிலேயே இருந்தது.

அதன் பிறகு வேலை ஓடிய வேகத்தை மகள் இன்றும் சொல்லிச் சொல்லி வியப்பாள். நாரைகளுக்கு ஆழமான குளத்துப் பச்சை. இரண்டு தோளிலும் இறக்கை விரித்த மாதிரி அகலமான வெள்ளை. மேலிருந்து பார்த்தால் தோள்தானே முதலில் தெரியும்! நரிகளுக்கு அதே செங்கல் சிவப்பு. ஆனால் அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் மணல் நிறப் பட்டை, ஓடும்போது மட்டும் பளிச்சென்று அடிக்கும். ஆமைகளுக்கு முதுகில் ஒரு பெரிய வெளிர் வட்டம். ஒரு அணிக்கு மார்பின் குறுக்கே ஒற்றைப் பட்டை, இன்னொன்றுக்கு மேல்பாதி இருட்டு, கீழ்பாதி வெளிச்சம். எண்களைத் தம்பியே கையிலெடுத்தான். மூன்றுக்கும் எட்டுக்கும் ஐந்துக்கும் ஆறுக்கும் தூரத்தில் குழப்பம் வருகிறது என்று, ஒவ்வொன்றுக்கும் வேறு இடத்தில் ஒரு பள்ளம் வைத்து, பித்தளைத் தகட்டிலேயே வெட்டிக்கொண்டு வந்தான்.

பதினாறு அணிகள் ஒன்றோடொன்று மோதினால் நூற்றிருபது ஜோடி. மகள் அதற்கு ஒரு கட்டம் போட்டாள். ஒவ்வொரு ஜோடியையும் அறையின் கோடியில் பிடித்துக் காட்ட வேண்டும்; மாமன் ஒரு நொடியில் சொல்ல வேண்டும். தயங்கினால் தோல்வி. புது ஜெர்சிகளில் முதல் சுற்றில் முப்பத்தொன்று தோற்றது. பிறகு ஒன்பது. பிறகு இரண்டு. அப்புறம் ஒரு ஞாயிறு மாலை, வெயில் ஜன்னலுக்கு வந்த நேரத்தில், நூற்றிருபதும் ஒன்றுகூடத் தோற்காமல் தேறிவிட்டன. கடைசி ஜோடியை மகள் இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"இது ஆமை, இது நாரை" என்றான் சாவி. பிறகு கயிற்றின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடந்தான். திரும்பி வந்தான். "அக்கா, பதினாறு டீம் இருக்குல்ல?" என்றான், ஏதோ அன்றுதான் தெரிந்துகொண்டவன் போல. "பதினாறும் இருக்கு."

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று மகள், அணிகள் இப்போது உண்மையில் போடும் ஜெர்சிகளுக்கும் அதே சோதனையை வைத்தாள். அதில் பத்தொன்பது ஜோடி தோற்றது. அந்தப் பத்தொன்பதையும் தனிப் பட்டியலாக எழுதி, அம்மாவின் பதினாறு படங்களோடு சேர்த்து, இணையத்தில் போட்டாள். கீழே, 'ஒரு ரசிகருக்காக அவர் அக்கா செய்தது' என்று ஒரு வரி.

முதல் மூன்று நாள் பதினோரு பேர் பார்த்தார்கள். அதில் ஏழு பேர் மகளின் தோழிகள். நாலாம் நாள் யாரோ ஒரு பஸ் டிரைவர் அதை எடுத்துப் பகிர்ந்து, 'முப்பது வருஷமா நான் மட்டும்தான் இப்படின்னு நெனச்சிட்டிருந்தேன்' என்று எழுதினார். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. கலர் அக்கா மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து போனைத் திறந்தால் கடிதங்கள் வந்தபடியே இருக்கும். ஒரு தச்சர். ஒரு பல் டாக்டர். தன் அப்பா ஏன் மைதானத்துக்கு வருவதை நிறுத்தினார் என்று இப்போதுதான் புரிகிறது என்று ஒரு மகள். பாதிக் கடிதங்களில் ஒரே வாசகம் இருந்தது: இதை யாரிடமும் சொன்னதில்லை.

"ஆம்பளைங்கள்ல இருபது பேருக்கு ஒருத்தராவது இப்படி இருப்பாங்களாம்மா" என்றாள் மகள்.

கலர் அக்கா அன்று கடைக்கு வந்துபோன ஆண்களை எண்ணிப் பார்த்தாள். எத்தனை பேரிடம் இரண்டு அட்டையை நீட்டி, 'எது வேணும், பாத்துச் சொல்லுங்க' என்றிருக்கிறாள்! எத்தனை பேர் வெறுமனே ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்!

இரண்டாவது வாரம் ஒரு கடிதம் வந்தது. பெயர் இல்லை. 'நான் இந்த லீக்கில் ஆடுகிறேன். எந்த அணி என்று சொல்ல மாட்டேன். இந்த வருஷம் சில ஆட்டங்களில் சக வீரர்களின் ஷூவைப் பார்த்துத்தான் பந்து போடுகிறேன். இரண்டு முறை எதிராளி கையில் கொடுத்திருக்கிறேன். கவனக்குறைவு என்று கோச் வெளியே உட்கார வைத்தார். உங்கள் படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நன்றி.'

மகள் அதை உரக்கப் படித்தாள். சாவி போனை வாங்கித் தானே ஒருமுறை படித்தான். இன்னொருமுறை படித்தான். திருப்பிக் கொடுக்கும்போது அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

"இது யாருன்னு எனக்குத் தெரியும்."

"என்ன மாமா சொல்ற?"

"பந்து கைக்கு வந்ததும் அரை நொடி தலை கீழ போகும். இந்த வருஷம்தான் ஆரம்பிச்சது. என்னடா இவன் தரையப் பாக்குறான்னு நானும் யோசிச்சிட்டே இருந்தேன்."

அக்கா அருகே நகர்ந்தாள். "யாருடா?"

"அவரு பேரு போடல இல்ல? அப்புறம் நான் எதுக்குச் சொல்லணும்?"

கெஞ்சிப் பார்த்தார்கள். மகள் கோபித்துக்கொண்டு ஒரு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள். சாவி வாயைப் பூட்டிக்கொண்டவன்தான், இன்றுவரை சொல்லவில்லை.

அடுத்த மாதம் பெயிண்ட் கடை வாசலில் ஒருவர் தலையைக் குனிந்து உள்ளே வந்தார். நிமிர்ந்தபோது மேல் அலமாரி அவர் காதுக்கு வந்தது. ஒரு காலத்தில் நாரைகளுக்கு ஆடியவர். இப்போது அந்த அணியின் உடுப்புகளுக்கெல்லாம் பொறுப்பாளர். கலர் அக்கா கையில் கலக்குகிற குச்சியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "உங்க படங்களை எல்லாரும் பாத்தோம்மா. தோள்ல அந்த வெள்ளை இருக்கே, எங்க பசங்க அதைக் கேட்டு அடம் பிடிக்கறாங்க. ஆனா அடுத்த மூணு வருஷ ஜெர்சி ஏற்கெனவே முடிவாகி, துணிகூட நெய்தாச்சு. அதுல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"பரவாயில்லைங்க" என்றாள். வாய்தான் அப்படிச் சொன்னது; கலக்கிக்கொண்டிருந்த டின்னை மூடினாள்.

"நான் வந்தது வேற ஒண்ணுக்கு. பத்தொன்பது ஜோடின்னு ஒரு பட்டியல் போட்டிருக்கீங்களே, அதை எப்படிச் சோதிச்சீங்கன்னு உக்காந்து விவரமா சொல்லணும். லீக் கூட்டத்துல வைக்கப்போறேன். அந்தப் பத்தொன்பது மேட்ச்லயும் ஒரு டீம் பழையபடி வெள்ளையில வரட்டும். அதுக்குப் புதுசா எதுவும் தைக்க வேணாமே!"

வீட்டில் மகள் குதித்தாள். அம்மாவின் அத்தனை மாத உழைப்பை விட்டுவிட்டு, தான் போட்ட கட்டத்தைக் கேட்கிறார்களே என்று அவளுக்கு ஆத்திரம். சாவிதான் முதலில் சிரித்தான். "எனக்கு மேட்ச் தெரியப்போகுது. நீங்க ரெண்டு பேரும் ஏன் எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

லீக்கிலிருந்து அறிவிப்பு என்று எதுவும் வரவில்லை. அடுத்த சீசனின் அட்டவணையில், ஒவ்வொரு ஆட்டத்துக்கு நேராகவும் எந்த அணி எந்த ஜெர்சி என்று ஒரு வரி மட்டும் புதிதாக இருந்தது. மகள் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பத்தொன்பதும் மாறியிருந்தன.

நாரைகளும் நரிகளும் மோதும் ஞாயிறு வந்தது. இந்த முறை நாலு பேராகப் போனார்கள். தம்பி மனைவியும் வந்தாள். கீழே விளக்குகள் எரிந்தன. நாரைகள் பச்சையில் ஓடி வந்தார்கள். எதிர்வாசல் திறந்தது. நரிகள் வெள்ளையில் வந்தார்கள்.

அரங்கத்தில் ஒருவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வெள்ளை ஜெர்சி யாருக்கு அதிசயம்? சாவி மட்டும் எழுந்து நின்றான். நடுவர் பந்தை மேலே எறிந்த இரண்டாவது நிமிஷம் அவன் தொண்டை திறந்துகொண்டது. "யோவ், கண்ணு தெரியலையா உனக்கு!" என்று அவன் நடுவரைப் பார்த்துக் கத்தியபோது தம்பி மனைவி சிரித்த சிரிப்பில் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

கலர் அக்கா தரையைப் பார்க்கவில்லை. ஒன்பதாயிரம் பேர் உட்கார்ந்திருந்த வரிசைகளைப் பார்த்தாள். இதில் தம்பியைப் போல நூற்றுக்கணக்கான பேர் இருப்பார்கள். பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருக்கிற அந்த ஆளாக இருக்கலாம். கொடியை ஆட்டுகிற அந்தக் கல்லூரிப் பையனாக இருக்கலாம். முன்வரிசையில் கைத்தடி மேல் முகவாயை ஊன்றியிருக்கிறாரே, அந்தக் கிழவராகவும் இருக்கலாம். இன்றைக்கு ஏன் ஆட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. யாரும் தெரிந்துகொள்ளப் போவதும் இல்லை. தன் முன்னறையில், துணிக் கிளிப்பில் ஆடிக்கொண்டிருந்த அட்டைத் துண்டுகளிலிருந்து கிளம்பிய எதுவோ இத்தனை பெரிய கூரைக்கடியில் இத்தனை பேர் கண்ணுக்குள் போய்விட்டது. அந்த அளவை அவளால் மனதில் கொள்ள முடியவில்லை. எந்த அட்டையில் தடவி, எந்த வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது இதை?

நாரைகள் இரண்டு பாயிண்டில் தோற்றார்கள். கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தில் பட்டுத் திரும்பியதாம். சாவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முகமெல்லாம் வியர்வை, கண்ணெல்லாம் சிரிப்பு.

"என்ன மேட்ச்க்கா! அந்தக் கடைசி பந்தைப் பாத்தியா?"

"இல்லடா."

"இல்லையா? பின்ன எதைப் பாத்துட்டிருந்த?"

"ஆளுங்களை" என்றாள்.

"டிக்கெட் எடுத்து உள்ள வந்து ஆளுங்களைப் பாக்கறவ நீ ஒருத்திதான்" என்று சொல்லிவிட்டு, நடுவர் செய்த மூன்று அநியாயங்களையும் வரிசையாகச் சொல்லத் தொடங்கினான். படியிறங்கி, கூட்டத்தில் நசுங்கி, பஸ் நிறுத்தம் வருகிற வரைக்கும் அவன் நிறுத்தவில்லை. அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே நடந்தாள்.